புழு மாதத்தில் சொன்ன சொல்

எங்கள் ஊரில் புழு மாதத்தில் இஞ்சியை இஞ்சி என்று சொல்லக் கூடாது. எங்கள் பேச்சில் அந்தச் சொல்லும் விறைத்துப்போவதைக் குறிக்கும் சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். பட்டுப்புழு விறைத்து, வெளுத்து, சுண்ணாம்பு பூசிய குச்சியாய்த் தட்டில் கிடந்தால் அந்த வருடம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். அதனால் கதவடைத்த நாளிலிருந்து கூடு பறிக்கும் நாள் வரை இஞ்சிக்குப் பெயர் காரக்கட்டை. நாலு வயதுப் பிள்ளைகூட நாக்கைக் கடித்துக்கொண்டு பேசும். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே முப்பத்தாறு வசந்தம் பார்த்த ஓர் ஆண்பிள்ளை, மறதியில் வாய் தவறிவிட்டது என்று சொன்னால் அதை நம்ப நான் தயாராக இல்லை.

அந்த ஆண்பிள்ளை என் கொழுந்தன் லு பாங்.

என் கணவர் லு ஹெங் அந்த வருடம் இரண்டாம் மாதத்தில் இறந்தார். குளிர் விடுவதற்கு முன்பே கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேறு அள்ளினார். மல்பெரி மரத்துக்கு அந்தச் சேறுதான் உரம். வேண்டாம் என்றேன். இன்னும் நாலு கூடைதான் என்றார். அன்றைக்கே காய்ச்சல், ஆறாம் நாள் ஆள் இல்லை. ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினோம். பிள்ளை இல்லை. அதற்காக ஒரு நாள் என்னை முகம் சுளித்துப் பார்த்ததில்லை அந்த மனிதர். எனக்கு அவர் மேல் அத்தனை ஆசை. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

இருபத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு லு பாங், குடும்பப் பெரியவர் லு சோங்கிடம் போய் நின்றான். அவர் என் மாமனாரின் அண்ணன், மருமகள்களுக்கெல்லாம் பெரிய மாமா. அண்ணனுக்கு வாரிசு இல்லை, மரங்கள் வம்சத்தை விட்டுப் போகக் கூடாது, அண்ணி தன் பிறந்த வீட்டுக்கே போய்விடட்டும், அண்ணனின் ஆவிப் பலகையை என் வீட்டில் வைத்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினானாம். வீடும் மரமும் போவது ஒரு பக்கம். அவர் பெயர் எழுதிய அந்தப் பலகை போய்விட்டால், அதன் முன்னால் ஒரு கிண்ணம் சோறு வைக்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள் லு குடும்பத்துக்கு யாரோ.

பெரிய மாமாவுக்குக் காதுதான் மந்தம், புத்தி மந்தமில்லை. ரெண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு முடிவு சொன்னார். இந்த வசந்தத்தில் என் வீட்டுப் புழுக்கள் கூடு கட்டினால் அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று முன்னோர்களே சொன்ன மாதிரி. வீடும் மரமும் பலகையும் என்னோடு இருக்கும். விறைத்துப்போனால் நான் மூட்டை கட்ட வேண்டும். லு பாங் உடனே தலையாட்டினான். சாவு விழுந்த வீட்டில் புழு பிழைக்காது என்பது ஊரில் எல்லோரும் நம்புகிற விஷயம். நானும் நம்பியவள்தான்.

வசந்தத்தில் முன்னோர் கல்லறைகளைத் துடைத்துக் கும்பிடும் நாள் கழிந்ததும், முட்டை ஒட்டிய காகிதத்தை மடித்து மார்போடு கட்டிக்கொண்டேன். உடம்புச் சூட்டில்தான் பொரிய வேண்டும். துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுச் சணல் துணி மேலே, உள்ளே முட்டைக் காகிதம். பத்தாம் நாள் மார்பில் எறும்பு ஊர்வது போலிருந்தது. பிரித்துப் பார்த்தால் கறுப்பு மயிர்த் துணுக்குகள் நெளிந்தன. வாத்து இறகால் கூட்டித் தட்டில் விட்டேன். கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டி, பீச் மரக்கிளை ஒன்று செருகித் தாழிட்டேன். அதற்குப் பிறகு வரி வசூலிக்கிறவன்கூட அந்தக் கதவைத் தட்ட மாட்டான்.

சிக்கல் அழுகையில் இருந்தது. துக்க வீட்டில் நூறு நாள், காலையும் மாலையும், பலகை முன்னால் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி ஓலமிட்டு அழ வேண்டும். அழாதவள் பெண்டாட்டியே அல்ல. புழு வீட்டிலோ ஓலம் ஆகாது, ஊதுவத்திப் புகை ஆகாது, கண்ணீர் ஒரு சொட்டு இலையில் பட்டாலும் ஆகாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் எப்படிச் செய்வது? யாரிடம் கேட்டாலும் அதற்கு வழி இல்லை, அதனால்தான் துக்க வீட்டில் புழு வளர்ப்பதில்லை என்றார்கள். நான் பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க," என்றேன். "இப்ப அழுதா புழு வளர்ற இந்த நாப்பது நாள்தான் அழ முடியும். இதுங்க பிழைச்சுட்டா ஆயுசு பூரா இங்கேயே உக்காந்து அழுவேன்."

அன்றிலிருந்து வாயைத் தைத்துக்கொண்டேன். அழுகை வரும். விழுங்கிவிட்டு இலை நறுக்கப் போவேன்.

பக்கத்து வீட்டு வெய் அக்கா புழு மாதத்தில் யார் வீட்டுக்கும் வர மாட்டாள். ஆனால் அவள் வாய்க்கு மாதம் கிழமை எல்லாம் கிடையாது. கொல்லைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்று, ஊர் பேசுவதை ஒன்று விடாமல் எனக்குச் சொல்வாள்.

"புருஷன் போயி ரெண்டு மாசம் ஆகல, வீட்டுல ஒரு சத்தமில்லையேன்னு ஊரே பேசுது சன்னியாங். வேற மாப்பிள்ளை பாத்துட்டியாம், தெரியுமா?"

"ஒன்பது தட்டு நெறய மாப்பிள்ளைங்க இருக்காங்க. ராப்பகலா சோறு கேக்குறானுங்க. இதுல பத்தாவதுக்கு எங்க போறது?"

அவள் சிரித்துவிட்டு, சுவர்மேல் ஒரு கட்டு இலை வைத்துவிட்டுப் போனாள்.

முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம், மூன்றாம் தூக்கம் என்று ஒவ்வொரு முறையும் புழுக்கள் தலையைத் தூக்கிச் சிலையாய் நின்று, தோலுரித்து, பசியோடு எழுந்தன. மூன்றாம் தூக்கம் விட்ட மறுநாள் மழை பிடித்தது. இரண்டு நாள் விடவில்லை. இலையைத் துடைத்துத் துடைத்துப் போட்டேன். என்ன துடைத்தாலும் ஒற்றை ஆள். இரண்டாம் நாள் மத்தியானம், துடைத்தது போதும் என்று அவசரத்தில் ஒரு கூடை இலையை அப்படியே போட்டேன். அதை ஒளிக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம்தான் லு பாங் வந்தான். கதவைத் தட்டவில்லை. புழு அறைச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க அழுற சத்தமே கேக்கலையே. அண்ணன் மேல அவ்வளவுதானா?"

புழு மாசம், கதவு மூடியிருக்கு, போய்விடு தம்பி என்றேன்.

"போறேன் போறேன். வீட்டுக்காரிக்கு வயித்து வலி. கொஞ்சம் இஞ்சி இருந்தா குடுங்க. இஞ்சி, அண்ணி. இஞ்சி."

மூன்று தடவை. சன்னல் கம்பியில் வாயை வைத்து, நிறுத்தி, அழுத்தி. முறத்தை எடுத்துச் சன்னலை அடைத்தேன். அவன் நடந்து போகும் காலடிச் சத்தம் அவசரமே இல்லாமல் கேட்டது.

மறுநாள் காலை பதினோரு புழு விறைத்திருந்தது.

பொறுக்கி எடுத்துச் சாம்பலில் புதைத்தேன். சொல் கொன்றதா, என் ஈர இலை கொன்றதா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. சொல் கொல்லும் என்று என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஈரம் கொல்லும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லைத் திருப்பி எடுக்க முடியாது, ஈரத்தை உலர்த்தலாம். அடுப்புக்கரியை மண்சட்டிகளில் போட்டுத் தட்டுகளுக்கு அடியில் வைத்தேன். எல்லாத் தட்டிலும் கழிவை அள்ளினேன். முடித்து நிமிர்வதற்குள் வாசலில் ஆள் சத்தம்.

லு பாங் பெரிய மாமாவைக் கூட்டி வந்திருந்தான். பின்னால் தெருவே நின்றது. எல்லோரும் வாசலிலிருந்து பத்தடி தள்ளி, புழு வீட்டுக்குக் காட்ட வேண்டிய மரியாதையோடு நின்றார்கள். நான் கதவை ஒரு சாண் திறந்தேன்.

"விறைக்க ஆரம்பிச்சிருச்சு பெரியப்பா," என்றான் லு பாங். "இனியும் எதுக்கு அவங்களைக் கஷ்டப்படுத்தணும்? இப்பவே முடிச்சுடலாம்."

"என் கதவு மூடியிருக்கு," என்றேன். "உள்ள விறைச்சது உனக்கு எப்படித் தெரியும் தம்பி?"

அவன் பார்வையைப் பெரிய மாமா பக்கம் திருப்பினான். நான் விடவில்லை. பதினோரு புழு போனது உண்மைதான், ஆனால் நேற்று சாயங்காலம் இவன் என் சன்னலில் நின்று சொல்லக் கூடாததைச் சொன்னான் என்றேன். மூடிய புழு வீட்டின் முன்னால் அப்படிச் சொன்னவன்தான் அந்த வீட்டு நஷ்டத்துக்குப் பொறுப்பு. அதுவும் எங்கள் வழக்கம்தான்.

லு பாங் வானத்தைப் பார்த்துக் கையெடுத்தான். தான் காரக்கட்டைதான் கேட்டதாகவும், வீட்டுக்காரிக்கு வயிற்று வலி என்பதால் கேட்டதாகவும் சொன்னான். அவன் பெண்டாட்டி மெங் அந்தக் கூட்டத்தில் இல்லை. புழு அறையை விட்டு அவள் எங்கே வர?

பெரிய மாமா காதில் கையைக் குவித்தபடி என்னைக் கேட்டார்.

"என்ன சொன்னான்னு சொல்லும்மா. எந்தச் சொல்லு?"

அப்போதுதான் லு பாங்கின் கண்ணில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அவன் இதை முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறான். அவன் சொன்னதை நிரூபிக்க நான் அதைச் சொல்லியாக வேண்டும். எட்டு வீட்டிலும் புழு இருக்கிற தெருவில், நடுப்பகலில், எந்தப் பெண்ணும் அதைச் சொல்ல மாட்டாள். சொல்லாவிட்டால் குற்றச்சாட்டே இல்லை. கூட்டத்தில் பெண்கள் ஏற்கெனவே தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார்கள்.

எனக்கும் பயம்தான். ஆனால் உள்ளே அந்த மனிதரின் பலகை இருக்கிறது. ஒரு சொல்லுக்குப் பயந்து அவரை இவனிடம் தூக்கிக் கொடுக்க என்னால் முடியாது.

"இஞ்சி," என்றேன். பெரிய மாமாவுக்குக் காது மந்தம் என்பதால் இன்னும் உரக்கச் சொன்னேன். "இஞ்சின்னு சொன்னான், மூணு தடவை."

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். வெய் அக்கா மட்டும் வாயைப் பிளந்தபடி அங்கேயே நின்றாள். பெரிய மாமாவின் முகம் கறுத்துப்போனது. தடியைத் தரையில் ஊன்றிச் சொன்னார்.

"அவன் சொன்னதுக்குச் சாட்சி இல்ல. நீ சொன்னதுக்குத் தெருவே சாட்சி. நாலு புழு சாகுறது எல்லா வருசமும் உண்டு, அதை நான் கணக்குல எடுக்கல. ஆனா இந்த எட்டு வீட்டுல எந்த வீட்டுக் கூடு பொய்ச்சுப்போனாலும் அன்னிக்கே நீ கிளம்பணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? முதலில் ஒரு வீட்டுப் புழுவைக் காப்பாற்றினால் போதும் என்று இருந்தது. இப்போது எட்டு வீட்டுப் புழு என் தலையில். அவர்கள் வீட்டுக்குள் நான் கால் வைக்கவும் முடியாது.

வைக்க முடியாவிட்டால் என்ன, கத்த முடியும். அன்று மத்தியானமே கொல்லையில் நின்று வெய் அக்காவை அழைத்தேன். நனைந்த இலையைப் போடக் கூடாது, கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும், விறைத்ததை உடனே எடுத்துச் சாம்பலில் புதைக்க வேண்டும், தட்டுக்கு அடியில் கரிச்சட்டி வைக்க வேண்டும், கழிவைத் தினம் அள்ள வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொன்னேன். அவள் அடுத்த வீட்டுக்காரியை அழைத்தாள். அவள் அடுத்தவளை. சுவர் தாண்டிச் சுவராக, தெருக்கோடியில் இருக்கும் லு பாங் வீடு வரைக்கும் செய்தி போயிற்று. புதிதாக நான் எதையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். மற்ற வருடங்களில் அலுப்பில் பாதியை விட்டுவிடுவார்கள். அந்த வருடம் என் வாயிலிருந்து வந்த சொல் அவர்களைத் தூங்க விடவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வோர் இலையாகத் துடைத்தார்கள். திட்டினால் திட்டட்டும், துடைத்தால் சரி என்று இருந்தேன்.

நாலாவது தூக்கம், பெரிய தூக்கம், கலைந்தது. இனி எட்டு நாள் அசுரத் தீனி. கூரைமேல் மழை பெய்வது போலத் தின்றுகொண்டே இருக்கும். அதில் மூன்றாம் நாள், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலை நேரம், இலை பறிக்க மரத்தில் ஏறியிருந்தேன். அங்கிருந்து கால்வாய்ப் படித்துறை தெரியும். லு பாங் இரண்டு கூடை இலையோடு வந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கூடைகளைத் தண்ணீரில் முக்கி எடுத்தான்.

ஏன் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கிளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எந்த வீட்டுக் கூடு பொய்த்தாலும் நான் கிளம்ப வேண்டும். அவன் வீடும் அந்த எட்டில் ஒன்று. ஒரு வருடத்துப் பட்டு வருமானத்தை விட்டுக்கொடுத்து, காலத்துக்கும் என் மரங்களை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறான். தன் பெண்டாட்டி மார்பில் கட்டிப் பொரித்த புழுக்களைக் கொல்லத் துணிந்தவனுக்கு அண்ணி எந்த மூலைக்கு!

மரத்தை விட்டு இறங்கி ஓடினேன். துக்க உடையோடு இன்னொரு புழு வீட்டு வாசலை மிதித்தால் அதுவே போதும், என்னை வெளியே அனுப்ப. கொல்லைச் சுவர்தான் வழி. வெய் அக்காவிடம் சொன்னேன்: மெங்குக்குச் சொல்லுங்க, புருஷன் கொண்டுவர்ற இலையைத் தொட்டுப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க. செய்தி ஆறு சுவர் தாண்டியது. கடைசியில் மெங்கின் காதில் விழுந்தது, 'இலையை நம்பு, புருஷனை நம்பாதே' என்றாம். எப்படி விழுந்தால் என்ன, விழுந்தது.

அதற்குப் பிறகு அந்தத் தெருக்கோடியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. என் புழுக்கள் தின்று முடித்துக் கண்ணாடி போல் மஞ்சள் ஒளி விட்டு, வைக்கோல் கட்டுகளில் ஏறின. நூல் விட ஆரம்பித்தன. ஒன்பது தட்டில் ஏழு நன்றாகவே தேறியது. எனக்கு அதில் சந்தோஷப்படத் தெரியவில்லை. எட்டாவது வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

கூடு பறிக்கும் நாள் பெரிய மாமா தடியை ஊன்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார். கதவுகள் திறந்தன, சிவப்புக் காகிதங்களைக் கிழித்தார்கள். என் வீடு, வெய் அக்கா வீடு, அடுத்தடுத்த வீடுகள், எல்லாம் வெள்ளை வெளேரென்று கூடு. அந்தத் தெருவில் அப்படி ஒரு வருடத்தை யாரும் பார்த்ததில்லை என்று பெரிய மாமாவே சொன்னார். லு பாங் அவர் பக்கத்திலேயே அமைதியாக நடந்து வந்தான். ஏழு வீடு முடிந்து தன் வீட்டு வாசலுக்கு வந்ததும், பெருமூச்சு விட்டு, எங்க வீட்டுலதான் என்ன ஆச்சோ என்றான். அந்த முகத்தில் அவ்வளவு கவலை. நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

மெங் கதவைத் திறந்தாள். இளைத்துப்போய், கண் குழி விழுந்து, தலையில் வைக்கோல் துரும்போடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வைக்கோல் தெரியாத அளவுக்குக் கூடு.

லு பாங் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க," என்றாள் மெங். அவள் குரல் உயரவே இல்லை. "மழை இல்லாத நாள்லயும் இவரு கொண்டுவந்த இலை நனைஞ்சுதான் இருந்துச்சு. எட்டு நாளும். ஒவ்வொண்ணா தொடைச்சேன். என்கூட மல்லுக்கு நின்னாரு, உள்ள தாழ் போட்டுக்கிட்டேன். புழு அறையில ஆம்பளைக்கு என்ன வேலை? அப்புறம் பெரிய மாமா, எனக்கு இந்த வசந்தத்துல ஒரு நாளும் வயித்து வலி வரல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. லு பாங்கைப் பார்க்காமலே அவனை வம்ச மண்டபத்துக்கு நாளைக் காலை வரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, வீடும் மரமும் பலகையும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். மெங் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். வயதில் சின்னவள், முறைப்படி அவள்தான் எனக்குக் குனிய வேண்டும். முறை கிடக்கட்டும் என்று இன்னொரு தடவையும் குனிந்தேன்.

கிளம்பும்போது பெரிய மாமா என் வாசலில் நின்றார்.

"இனி நீ அழலாம்மா. நாளைக்குச் சொந்தக்காரங்களை வரச் சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

"நாளைக்கு நூல் எடுக்கணும் பெரிய மாமா," என்றேன். "ஏழு நாள்ல எடுக்கலேன்னா பூச்சி ஓட்டை போட்டுட்டு வெளிய வந்துரும். அப்புறம் யாரும் கேக்குறதுக்காக அழுறது எனக்கு வராது."

அவர் சரி என்று போனார்.

மறுநாள் வெய் அக்கா அடுப்பு பார்க்க வந்தாள். கொதிக்கிற தண்ணீரில் கூடுகளைப் போட்டு, குச்சியால் கிளறி, நூல் முனைகளைப் பிடித்துச் சக்கரத்தில் கோத்தேன். அக்கா தெருக்கதை பேசிக்கொண்டிருந்தாள். பலகை எதிரில் இருந்தது. அந்த நூல் எல்லாம் அந்த மனிதர் கடைசியாக அள்ளிய சேற்றில் துளிர்த்த இலை என்று நினைத்தேன். அவ்வளவுதான். முதல் சத்தம் வந்தபோது அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை. பிறகு நான் அதை நிறுத்தவில்லை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கை மட்டும் அதுபாட்டுக்குச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெய் அக்கா கதையைப் பாதியில் விட்டுவிட்டு, தண்ணீர் ஆறிவிடாமல் அடுப்பில் விறகைத் தள்ளினாள். நான் என் வீட்டில் உட்கார்ந்து, என் புருஷனுக்கு முன்னால், சாயங்காலம் வரைக்கும் அழுதேன்.